மகள் நிறுத்திய இடம்

கேள்வி: சென்ற இதழில் வந்த சிறுகதையில் 'மயிரு' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. 9-ம் வகுப்பு படிக்கும் என் மகள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் கெட்ட வார்த்தை வரலாமா? எது கெட்ட வார்த்தை, எது இல்லை என்பதற்கு உங்களிடம் அளவுகோல் ஏதாவது இருக்கிறதா? பொட்டைத்தனமாக மழுப்பாமல் பதில் சொல்லவும்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மழுப்பவில்லை. உங்கள் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் கதைக்காரரின் சொல்.

உங்கள் மகள் அந்தச் சொல்லைப் பள்ளியில் பல முறை சத்தமாகச் சொல்லியிருப்பாள், அதற்கு மதிப்பெண்கூட வாங்கியிருப்பாள். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' குறள் 969. அது போகட்டும், அங்கே அது வெறும் முடி. அதே அதிகாரத்தில் 964-ஐப் பாருங்கள்: தன் நிலையிலிருந்து தாழ்ந்த மனிதர்கள் 'தலையின் இழிந்த மயிரனையர்'. இது வர்ணனை இல்லை, வசவு. நம் கதையில் லாரி ஓட்டுநர் முதலாளியைப் பார்த்துச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான், என்ன, அவருக்கு வெண்பா வராது.

ஆனால் 'வள்ளுவரே சொல்லிவிட்டார்' என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை, ஏனென்றால் இன்று உங்கள் வீட்டில் அந்தச் சொல் சுடத்தான் செய்கிறது. தலையில் இருப்பதற்கு நாம் 'முடி' என்று சொல்லப் பழகிவிட்டோம், அப்புறம் மயிருக்கு மிச்சம் இருந்தது மறைவிடமும் மதிப்பின்மையும்தான். இலங்கைத் தமிழர்களிடம் போய்க் கேளுங்கள், 'தலைமயிர்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எழுத்து அதே எழுத்து, ஒலி அதே ஒலி. அப்படியென்றால் கெட்டது எங்கே இருக்கிறது?

சொல்லுக்குள் தேடினால் கிடைக்காது. 'புறம்போக்கு' நில ஆவணத்தில் இருக்கிற சொல், ஆளைப் பார்த்துச் சொன்னால் கைகலப்பு. 'கஸ்மாலம்' என்று தெருச் சண்டையில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறோம், பகவத் கீதை 2-ம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்து 'இந்தக் கஸ்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது' என்றுதான் கேட்கிறான், அதைக் கைகூப்பிக் கேட்கிறோம். பயம் மாறினால் வசவின் எடையும் மாறிவிடும். வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் 'பேதியில போறவனே' என்பது சாபம், எதிரிக்குக்கூடச் சொல்லத் தயங்கும் சாபம். இன்று அதைச் சொல்கிற பாட்டி பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். டச்சு மொழியில் இன்னும் நோயைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்: டைஃபாய்டு, காலரா, எல்லாவற்றையும்விடக் கடுமையாகப் புற்றுநோய். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு வாய்க்கு வரும் வசவெல்லாம் தேவாலயச் சாமான்கள், திருவிருந்துக் கிண்ணம், நற்கருணைப் பேழை இப்படி. நமக்கு அது பாத்திரக்கடைப் பட்டியல் மாதிரி கேட்கும். எதற்கு அஞ்சி வளர்ந்தார்களோ அதுதான் வாயில் ஆயுதமாகிறது.

மறைத்துச் சொன்னால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் இலக்கணம் இதற்கு 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறது, 'கால் கழுவி வந்தான்' என்பது நாம் பள்ளியில் படித்த உதாரணம். சரிதான், ஆனால் போர்த்துகிற துணியும் நாளடைவில் அழுக்காகிவிடுகிறது. கக்கூஸ் டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல், அது நாறியதும் லெட்ரின், அப்புறம் டாய்லெட், அப்புறம் பாத்ரூம், இப்போது ரெஸ்ட்ரூம். இடம் என்னவோ அதே இடம். பத்திரிகைகள் வைக்கும் புள்ளியும் இதே கதைதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கதையில் 'சனியனே' என்று வந்த இடத்தில் எங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்று புள்ளி வைத்துவிட்டார். வந்த கடிதங்களைப் பார்க்க வேண்டுமே! அந்தப் புள்ளிகளுக்குள் வாசகர்கள் கண்டெடுத்த சொற்களில் பாதி எனக்கே புதுசு.

இப்போது உங்கள் மகள். அவள் நிறுத்தினாள் என்பதைவிட, நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அர்த்தம் தெரிவதற்கு முன்பே நாம் கற்றுக்கொள்வது அந்த முகத்தைத்தான். மூன்று வயதில் எங்கேயோ கேட்டதைத் திருப்பிச் சொன்னபோது வாயில் விழுந்த அடி, 'ச்சீ, இன்னொரு தடவ சொன்னே…' என்ற குரல். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு, விரல் நுனியில் கருவியை மாட்டித் தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். கெட்ட வார்த்தைகளோடு, சின்ன வயதில் பெரியவர்கள் அதட்டும் 'வெட்கமாயில்லை?' மாதிரியான வசனங்களையும் போட்டுக் காட்டினார்கள். அதே அதட்டலுக்கு ஆங்கிலத்தில் கேட்டதைவிடத் துருக்கியில் தோல் அதிகமாகப் பதறியது. சோதனைக்கூடம்கூட வேண்டாம், அலுவலகத்தில் எல்லோர் எதிரிலும் ஒரு நாளைக்குப் பத்து தடவை 'ஷிட்' என்று சொல்கிறவரை அதைத் தமிழில் ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பாருங்கள். நெளிவார். ஆங்கிலச் சொல்லுக்காக அவரை யாரும் அடித்ததில்லை.

இன்னொன்று, வசவே இல்லாமல் நம் மொழியில் ஒருவரைத் தூக்கிப்போட்டு மிதிக்க முடியும். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் 'நீ' என்றால் போதும். 'என்னை வா போன்னு பேசிட்டான்' என்று வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதே ஆட்கள் பால்ய நண்பனைப் பார்த்ததும் 'டேய் நாயே, எப்படா வந்தே' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அவன் அதற்குக் கோபப்படவில்லை என்றால்தான் நட்பு. நாய் ஒன்றுதான். யார், யாரை, எவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு என்பதுதான் வேறு.

அளவுகோல் கேட்டீர்கள். பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' உட்கார்ந்து இதை மக்களிடமே கேட்டுப் பார்த்தது. 2016-ல் சொற்களும் சைகைகளுமாக 150-ஐ முன்னால் வைத்து, லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா, மிகக் கடுமையா என்று பிரிக்கச் சொன்னது. உடலுறுப்புச் சொற்களில் பலவற்றைக் குரலையும் சந்தர்ப்பத்தையும் பார்த்து மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது, பாகுபாட்டோடு ஒரு கூட்டத்தையே மட்டம் தட்டுவது, அங்கேதான் பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள்.

என் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். லாரி ஓட்டுநர் சொன்ன சொல் எதிரில் நின்ற முதலாளியோடு முடிந்தது. வேண்டுமென்றால் அவரும் திருப்பித் திட்டலாம், வேலையை விட்டே தூக்கலாம். ஆனால் கவனிக்காமல் போனவனை 'குருட்டுப் பயலே' என்கிறோமே, அப்போது அடி விழுவது அவன்மேல் இல்லை. ஒரு சாதியின் பெயரை வசவாக எடுக்கும்போதும், இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு மாறி மாறி அம்மாக்களை இழுக்கும்போதும் அப்படியே. அடி வாங்குகிறவர் அந்த இடத்திலேயே இல்லை, அவர் எதுவும் செய்யவுமில்லை. இதற்கெல்லாம் வீட்டில் வாயில் அடி விழுவதில்லை, அதனால் காதுக்கும் உறைப்பதில்லை.

உங்கள் கடைசி வரிக்கு வந்துவிட்டேன். 'பொட்டப்புள்ள' என்றால் பெண் குழந்தை, அவ்வளவுதான், அதில் கெட்டது எதுவுமில்லை. 'பொட்டைத்தனம்' என்று என்னைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது வசவாகிறது. அதாவது நேராகப் பேசத் துணிவில்லாதவனைத் திட்ட நீங்கள் எடுத்த சொல், உங்கள் வீட்டில் 9-ம் வகுப்பு படிக்கிறதே, அதன் பெயர். எனக்கு வலிக்கவில்லை, இந்த நாற்காலியில் இதைவிடப் பெரிசாக வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். கதையில் முதல் 'மயிரு' இருக்க வேண்டியது: மூன்று மாதக் கூலியை இழுத்தடித்தவனைப் பார்த்து 'தாங்கள் செய்தது தகாது' என்று அந்த மனிதர் பேசியிருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். இரண்டாவது தேவையில்லை, அங்கே அவர் தனியாக நடந்துபோகிறார், கோபமும் ஆறிவிட்டது, சொல் மட்டும் பழக்கதோஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் வெட்டியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அது என் தப்பு.

இந்த இதழ் வந்ததும் உங்கள் கேள்வியை மகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாள், அல்லது எங்கேயும் நிறுத்தாமல் படித்துவிட்டாளா என்பதை எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.