நான்கு மூலையிலும் நட்சத்திரம் இழுபடுகிறது: கேமரா மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படமெடுக்க, தொலைநோக்கி, படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் ஃபிளாட்னர் லென்ஸ், குளிரூட்டும் கேமரா மூன்றையும் ஒரு இணையக் கடையில் 1.8 லட்சம் ரூபாய்க்கு ஒரே தொகுப்பாக வாங்கினேன். ‘வளையங்கள் உட்பட அனைத்தும் கச்சிதமாகப் பொருந்தும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழுகின்றன. நான்கு மூலைகளிலும் கோடாக இழுபடுகின்றன. கடற்காற்றில் கேமரா கெட்டுவிட்டது, பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். கேமரா பழுது என்று வழக்குப் போட்டு முழுப் பணத்தையும் கேட்கலாமா? படங்களும் வெர்னியர் காலிப்பரில் எடுத்த அளவுகளும் இணைப்பில்.

பதில்: வழக்குத் தொடரலாம். ஆனால் ‘கேமரா பழுது’ என்று எழுதித் தொடராதீர்கள். நீங்கள் அனுப்பிய அளவுகளே அதற்கு எதிராகப் பேசுகின்றன.

ஃபிளாட்னருக்கும் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாருக்கும் இடையே 55 மில்லிமீட்டர் வேண்டும் என்று அதன் குறிப்புத் தாளில் அச்சிட்டிருக்கிறது. உங்கள் கேமராவின் முகப்பிலிருந்து சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. மீதி இடைவெளியை நிரப்பப் பெட்டியில் வந்த வளையங்கள் 21, 11 மி.மீ. கூட்டினால் 49.5 தான். 16.5 மி.மீ. வளையம் வர வேண்டிய இடத்தில் 11 மி.மீ. வளையம் வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மரை என்பதால் இறுக மாட்டிக்கொள்கிறது. பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. போதாக்குறைக்கு 2 மி.மீ. ஃபில்டர் கண்ணாடி வேறு இடையில் இருக்கிறது. கண்ணாடித் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் தேவை 55.7 ஆகிறது.

சென்சார் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் கெட்டு எதிர்ப்பக்கம் ஓரளவு சரியாக இருக்கும். கேமராவை மட்டும் திருப்பி மாட்டினாலும் படத்தின் அதே மூலைதான் கெடும். உங்கள் படங்களில் நான்கு மூலைகளும் ஒன்றுபோல் நடுவிலிருந்து வெளிநோக்கி இழுபடுகின்றன. இது தூரக் கோளாறின் அடையாளம். உப்புக்காற்று திருகைத் துருப்பிடிக்க வைக்கும், கண்ணாடியில் படிந்து கறையாக்கும். நான்கு மூலையையும் சம அளவில் இழுக்காது. நம் கரையோரத்தில் எது பழுதானாலும் காற்றின் மேல் பழி போடும் இந்தப் பதிலை நானும் அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)இன்படி, வியாபாரி எப்படிச் சொல்லி விற்றாரோ அந்தத் தரத்தில் குறைந்தாலும் அது குறைபாடே. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. ‘பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள்’ என்பது அங்கே செல்லாது.

கேமராவின் உள்பழுது என்று நீங்கள் வாதிட்டால், நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கேமரா நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் மனு அதோடு முடிந்தது. வளையம் தவறு என்பதற்குக் காலிப்பரும் குறிப்புத் தாளும் போதும். ஆகவே சரியான வளையம், செலவு, இழப்பீடு ஆகியவற்றை முதல் கோரிக்கையாக வையுங்கள். சரியான தூரத்திலும் மூலைகள் தேறாவிட்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள்.

முடிந்தால் சரியான வளையத்தை இரவல் வாங்கி, ஒரே இரவில் வானத்தின் ஒரே பகுதியை இரண்டு தூரத்திலும் எடுத்துவிடுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு மேல் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து ஆசை காட்டும். இதற்கு அது வேண்டாம். தாழ்வான வானத்தின் கலங்கலைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிடும். உச்சிக்கு அருகே நட்சத்திரம் அடர்ந்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மூலைகளை வெட்டாமல் மூலக் கோப்புகளை அப்படியே வைத்திருங்கள்.

உங்கள் ரசீதில் ஸ்டுடியோ பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பார்கள். சொந்த ஆர்வத்துக்காக வாங்கியதை மனுவின் தொடக்கத்திலேயே உறுதிமொழியுடன் சொல்லிவிடுங்கள். சுயதொழிலாக வயிற்றுப்பாட்டுக்கு வாங்கியிருந்தாலும் சட்டம் விலக்கு தருகிறது. உண்மை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். கடைக்காரரோடு கடிதம் எழுதிக்கொண்டே அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.