பாரிஸுக்கு எதற்கு குக்கர்?

கேள்வி: எனக்கு வயது 54. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். வரும் வைகாசியோடு திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைகின்றன. மகள் படிப்பை முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சரக்கெடுக்க சூரத்துக்குப் போனதைத் தவிர நான் வெளியூர் அதிகம் பார்த்ததில்லை. மனைவி அதுவும் இல்லை. காதல் நகரம் என்கிறார்களே, அந்தப் பாரிஸுக்கு அவளை ஒரு வாரம் அழைத்துப் போக நினைக்கிறேன். எந்த இடங்களை அவசியம் பார்க்க வேண்டும்? குழுச் சுற்றுலாவில் போவதா, தனியாகப் போவதா? எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இரவில் ரசம் சாதம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. அதனால் சமையலறை உள்ள அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சின்ன எலக்ட்ரிக் குக்கர், அரிசி, பருப்பு, நெய் எல்லாம் மனைவி எடுத்து வைத்துக்கொள்வாள், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஈபிள் கோபுரத்தின் உச்சி வரை ஏறத்தான் வேண்டுமா?

பதில்: 25 ஆண்டு நிறைவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குவதுதான் மரியாதை. இன்றைக்கு அந்த மரியாதை வேண்டாம், தம்பி. (எனக்கு எழுபது கடந்துவிட்டது. அந்த உரிமையில் தம்பி என்கிறேன்.) பாரிஸைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருமுறைதான் படித்தேன். குக்கர் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்கிறீர்களே, யாருக்கு?

இந்தக் கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூர், சிம்லா, காசி. மனைவியை அழைத்துப் போகிறேன் என்பார்கள். பெட்டியைத் திறந்தால் அரிசியும் ரசப்பொடியும் ஊறுகாய் பாட்டிலும் இருக்கும். 25 ஆண்டுகள் என்றால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இரவுகள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன நாட்களைக் கழித்துவிட்டாலும் மிச்ச இரவுகளில் உங்களுக்கு ரசம் வைத்தவர் அவர்தான். அந்தக் கணக்கோடு இன்னும் ஏழு இரவைச் சேர்க்க விமான டிக்கெட் எதற்கு? ஈரோட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாமே. அங்கே அடுப்பாவது அவருக்குப் பழகியது.

நான் பழைய காலத்து மனுஷி. கணவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கிறவள் இல்லை. அப்படி எழுதிய பெண்களை இதே பக்கத்தில் கடிந்துகொண்டும் இருக்கிறேன், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். யாராவது ஒருவர் அடுப்படியில் நிற்காமல் குடும்பம் நடப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்காக நிற்கிறவரை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டிய நாள் வந்தால், சொல்லத்தான் வேண்டும். அது கணவனின் கடமை. அதற்குக் காதல் என்று பெரிய பெயரெல்லாம் வைக்க வேண்டியதில்லை.

வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றது மருத்துவரா, நாக்கா? சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரவில் உங்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தது யார்? சப்பாத்தியையும் இனிப்புப் போட்ட பருப்பையும் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் தூங்கியிருப்பீர்கள். மனைவி பக்கத்தில் இல்லாதபோது ஒத்துக்கொள்கிற வயிறு, அவர் கூட வந்தால் மட்டும் முரண்டு பிடிக்குமோ?

நான் சொல்வது உறைக்காவிட்டால் சட்டமாவது உறைக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து போகும் பயணிகள் பாலில் செய்த பொருள் எதையும் கொண்டுபோக முடியாது. உங்கள் நெய் விமான நிலையத்தோடு சரி. கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். மிஞ்சியதை வைத்துச் சமைக்கலாம் என்றால், பாரிஸ் வாடகை அறைகளில் சமையலறை என்று படம் காட்டுவது பெரும்பாலும் சுவரோரமாக ஒரு மின்னடுப்பும், ஒரு சின்னக் கழுவுத் தொட்டியும்தான். போதாததற்கு 2015 முதல் பிரான்சில் குடியிருப்புகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடுகு தாளித்த புகைக்கு அது வீறிட்டு அலறும்போது, பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாத உங்கள் மனைவி நாற்காலி மேல் ஏறி நின்று முந்தானையால் அதை விசிறிக்கொண்டிருப்பார். சாதம் ஆயிற்றா என்று நீங்கள் கேட்பீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, ரசம் சாதத்துக்காக நீங்கள் அறைக்குத் திரும்பும் நேரம். மே கடைசி வாரத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகும். அந்த ஊர் அழகாவதே ஏழு மணிக்குப் பிறகுதான். அலுவலகம் விட்டவர்கள் சேன் நதிக்கரையில் வந்து உட்காருவார்கள். சாய்ந்த வெயிலில் சுண்ணாம்புக்கல் கட்டிடங்கள் மஞ்சள் பூசிக்கொள்ளும். போன் நேஃப் பாலத்தின் நடுவிலிருந்து படியிறங்கினால் தீவின் முனையில் ஒரு சின்னப் பூங்கா, மூன்று பக்கமும் தண்ணீர். அங்கே அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 25 வருடத்துக்குப் பிறகு அது குற்றமில்லை. அப்படியே பக்கத்துத் தீவான சேன் லூயிக்கு நடந்து போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். ஒரு மணி நேரப் படகுச் சவாரியையும் வெயில் சாய்ந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ட்ரோக்கடேரோ திடலில் நின்றால் எதிரே ஈபிள் கோபுரம் ஐந்து நிமிடம் மினுக்கும். இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை இது நடக்கும். நீங்கள் போட்ட திட்டப்படி அந்த நேரத்தில் உங்கள் மனைவி குக்கர் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பாலத்தில் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் எறிகிற வேலை மட்டும் வேண்டாம். போன் தேசார் பாலத்தில் காதலர்கள் மாட்டிய பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014இல் கைப்பிடித் தடுப்பின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. மறு வருடம் ஏறக்குறைய 45 டன் பூட்டுகளைக் கழற்றி எடுத்தார்கள். இரும்பில் பாசத்தைக் காட்டினால் இப்படித்தான் ஆகும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரெஞ்சு உணவகங்களில் நினைத்த நேரத்தில் அடுப்பு எரியாது. மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, பிறகு இரவு ஏழு, ஏழரைக்குத்தான். நடுவில் பசித்தால் ரொட்டிக்கடை. பகெத் என்கிற அந்த நீள ரொட்டி செய்யும் மரபை 2022இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலையில் சுடச்சுட வாங்கி, கூடவே சீஸும் சந்தையில் செர்ரிப் பழமும் வாங்கிக்கொண்டு லுக்சம்பூர்க் பூங்காவுக்குப் போங்கள். அங்கே கிடக்கும் பச்சை இரும்பு நாற்காலிகளுக்குக் காசு கிடையாது. வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் கலெத் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானி பகுதி ரயில்கள் அந்த நிலையத்துக்கு வருவதால், பிழைக்க வந்த அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே கடை போட்டார்கள். பக்வீட் என்கிற தானியத்தின் மாவை வட்டக்கல்லில் நம் தோசை போலவே தேய்த்து, உள்ளே சீஸோ காளானோ வைத்து மடித்துத் தருவார்கள். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், சூப்பில் இறைச்சி வேகவைத்த நீர் கலந்திருக்கலாம். மாரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபெல் என்கிற கொண்டைக்கடலை வடை, கடலைப்பருப்பு வடை தின்று வளர்ந்த யாருக்கும் பிடிக்கும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

நாக்கு அப்படியும் அடங்காவிட்டால் ஒரு இரவுக்கு வழி இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் லா சாப்பல். ஈழத்தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு. பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கும். இட்லியும் கொத்து ரொட்டியும் கிடைக்கும், காய்கறிக் கடையில் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும் (வாங்காதீர்கள்). அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். திருமண நாளன்று அங்கே போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, வெளியே வந்து இருவருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பரிமாறுவது வேறு யாராவது.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு நீளப் பட்டியல் தரமாட்டேன், அது எங்கும் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு அருங்காட்சியகம் போதும். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை. கால் வலிக்கும் என்றால் லூவ்ரை விட்டுவிட்டு ஒரான்ஜெரிக்குப் போங்கள். நீள்வட்ட அறைகள் இரண்டில் சுவர் முழுக்க ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளம், நடுவில் உட்கார இருக்கையும் உண்டு. 2019இல் தீப்பிடித்த நோத்ர தாம் பேராலயத்தை 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள், உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சேன் ஷாப்பலுக்கு வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள், 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியங்கள் மேகமூட்டத்தில் சோபிக்காது. மோன்மார்த்ர் குன்றுக்குப் படியேற முடியாவிட்டால் இழுவை ரயில் இருக்கிறது. அந்தப் படிக்கட்டுகளில் மணிக்கட்டில் நூல் கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள், பணப்பையை முன்பக்கம் வையுங்கள்.

குழுச் சுற்றுலாவா என்றால், வேண்டாம் என்பேன். இரண்டு நாளில் பாரிஸை முடித்து, ஏழு மணிக்கெல்லாம் பேருந்தில் ஏற்றிச் சாப்பிட அழைத்துப் போய்விடுவார்கள், மாலை நேரம் பறிபோகும். ஆனால் ரசம் இல்லாமல் முடியவே முடியாது என்று நீங்கள் அடம்பிடித்தால், தென்னிந்தியச் சமையல்காரரோடு போகிற குழுவில் சேர்ந்துவிடுங்கள். பாரிஸ் பாதிதான் கிடைக்கும். உங்கள் மனைவிக்காவது ஓய்வு முழுதாகக் கிடைக்கட்டும்.

மே மாதப் பயணத்துக்கு, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேலையை இப்போதே தொடங்குங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. முதல்முறை என்பதால் இருவரும் நேரில் போய்க் கைரேகை பதிக்க வேண்டும். அவர் படிவத்தையும் நீங்களே நிரப்பி, கையெழுத்துப் போடு என்று நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள். அப்போதே, பாரிஸில் அவர் என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் குக்கர் எடுத்து வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ‘உங்கள் இஷ்டம்’ என்றுதான் முதலில் சொல்வார். விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.

ஈபிள் கோபுரத்தின் உச்சி அவசியமில்லை. கோபுரம் 330 மீட்டர். ஆனால் இரண்டாம் தளத்திலிருந்தே நகரம் தெளிவாகத் தெரியும். உச்சியில் காற்றும் கூட்டமும்தான் அதிகம். மின்தூக்கி டிக்கெட் 60 நாட்களுக்கு முன்பே இணையத்தில் விற்பனைக்கு வரும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உயரம் என்றால் அவருக்குப் பயமா என்று கேட்டுக்கொண்டு, அவர் சொல்கிற தளத்துக்கு எடுங்கள்.