அவள் பேசாத இரண்டு நாள்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 29 வயது. மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறேன். போன வருஷம் நான் எழுதிய ஒரு பாட்டை, ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு 11 மாதம் ஒரு வரிகூட வரவில்லை. வார்த்தைக்குப் பதில் ‘தன்ன தானா’ என்று மெட்டைப் பாடித் தரும் தத்தகாரத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எது எழுதினாலும் உடனே அடித்துவிடுவேன்.

இப்போது ஒரு பெண்ணை நேசிக்கிறேன். அவளும்தான். பேச்சின் நடுவே சொல் கிடைக்காவிட்டால், காற்றில் விரலால் எதையோ எழுதிக்கொண்டே தேடுவாள். ஒருநாள் ராத்திரி அதை நினைத்தபடியே ஒரு முழுப் பல்லவி எழுதிவிட்டேன். சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு சின்னச் சண்டை. இரண்டு நாள் அவள் பேசவில்லை. எனக்கும் வரி நின்றுபோனது. சரணம் அப்படியே கிடக்கிறது. அவள் இல்லையென்றால் பாட்டும் இல்லையா? பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

11 மாத மௌனத்துக்குப் பிறகு ஒரு பல்லவி! படிக்கும்போது எனக்கே அவ்வளவு சந்தோஷம்.

காதல் உங்களைத் தூண்டியது உண்மைதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிரக் காதலில் இருந்த 17 பேருக்கு அவரவர் நேசிப்பவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்த, ஒன்றை நாடிப் போகத் தூண்டுகிற பகுதிகள் சுறுசுறுப்பாயின. அந்த வேகத்தோடு உட்கார்ந்து சொல்லைத் தேடியது நீங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த விரல். 11 மாதமாக, ‘இதையும் வேண்டாம் என்பார்களோ’ என்று உங்களையே கவனித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று ராத்திரி அவள் விரலைக் கவனித்தீர்கள். தடை விட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்படிக் கவனிக்கும் கண் உங்களுடையது. சண்டை வந்தால் அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

நம் அகப்பாடல்களில் காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் பறவையும் பூவும்தான் அவர்கள் மனதைச் சொல்லும். பிரிவுக்குப் பாலை, காத்திருப்புக்கு முல்லை, ஊடலுக்கு மருதம். சேர்ந்திருக்கும்போது மட்டும்தான் பாட்டு வரும் என்றால் நமக்குக் குறிஞ்சி ஒன்றே மிஞ்சியிருக்கும், தம்பி.

தினமும் 15 நிமிடம் மெட்டை ஓடவிட்டு, வாய்க்கு வந்த டம்மி வார்த்தைகளைச் சந்தத்தில் நிரப்புங்கள். எதையும் அடிக்காதீர்கள்; திருத்தமெல்லாம் மறுநாள். அவளிடம் ‘நீ இருந்தால்தான் பாட்டு’ என்று சொல்லி அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். கோபித்துக்கொள்ளவும் சும்மா இருக்கவும் அவளுக்கு இடம் வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் மட்டும் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சரி, சரணத்துக்கு வருவோம். அந்த இரண்டு நாளில் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தீர்கள்? எந்தெந்தச் சத்தத்துக்கெல்லாம் திரும்பினீர்கள்? அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.