பதில்: ஒரே மாகாணம், இரண்டு வெற்றி விகிதம், எதை எடுப்பது?

சென்னை மாகாணத்தின் பழைய அம்மை குத்தல் (பெரியம்மைத் தடுப்பூசி) அறிக்கைகளில் ஓர் அதிகாரி உயர்ந்த வெற்றி விகிதம் காட்டுகிறார், இன்னொருவர் மறுக்கிறார், ஆய்வேட்டில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இரண்டையும் போடாதீர்கள். எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

குத்தி ஒரு வாரம் கழித்துப் போய், கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்த்தால்தான் முடிவு தெரியும்; எழும்பினால் வெற்றி. அதற்குள் குடும்பம் வேறு ஊர் போயிருக்கும். கைக்குக் கை குத்தும் முறை (ஒரு பிள்ளையின் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவது) என்றால் இன்னொரு சிக்கல்: கொப்புளத்தைக் கீறி அந்த நீரை, அதாவது அம்மைப்பாலை, எடுப்பார்களே என்று பயந்து தாய் பிள்ளையை ஒளித்துவிடுவாள். இப்படி விடுபட்டவர்களைக் கழித்தால் விகிதம் தானாக ஏறிவிடும். குத்தியவரே எழுதிய கணக்கை நான் எளிதில் நம்பமாட்டேன்.

அப்புறம், மாதத்தையும் பாருங்கள். கன்றிலிருந்து எடுத்த அம்மைப்பால் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும். அதனால்தான் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் அதை லானோலினில் (ஆட்டு ரோமக் கொழுப்பு) குழைத்துப் பார்த்தார் (1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் இவர் பெயரில்தான்). மே மாதக் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மறுமுறை குத்திக்கொண்டவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவருக்குக் கொப்புளம் எழாமல் போகலாம், அது தோல்வியாகாது.