38 மாவட்டமும் பாடம், அம்பாறை பிரிந்த ஆண்டு தெரியவில்லை

கேள்வி: நான் கலைப் பட்டதாரி. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்துகொண்டே இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். சென்னையில் இருக்கும் மாமி அனுப்பிய தமிழ்நாட்டு அரசுப் பரீட்சைக் கைநூல்கள்தான் தமிழில் தெளிவாக இருந்தன. யூடியூப்பிலும் அந்த வகுப்புகளையே பார்த்தேன். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள், ஆறுகள், சோழ மன்னர் வரிசை எல்லாம் பாடம். போன மாதம் வகுப்பில் சேர், "அம்பாறை மாவட்டம் எந்த ஆண்டு பிரிந்தது, ஏன்?" என்று கேட்டார். வாய் திறக்க முடியவில்லை. எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டேனா அக்கா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, முதலில் சேரின் கேள்வியை முடித்துவிடுவோம். 1961. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறையை உருவாக்கினார்கள். ஏன் என்பதற்கு விடை ஓர் ஆற்றில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயா. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது, இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் நிரம்பியது, காடு வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கத்துச் சனத்தொகையே மாறி, பின்னால் தனி மாவட்டமும் வந்தது. அணை, குடியேற்றம், எல்லைக்கோடு, இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் சேருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் எட்டு மாதம். தமிழ்நாட்டுக் கைநூல் வேறு நாட்டின் வேறு பரீட்சைக்காக எழுதியது, அதிலிருந்து நேரடியாகக் கேள்வி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மேட்டூர் அணை 1934, கன்னியாகுமரி சேர்ந்தது 1956 நவம்பர் 1, சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14 என்று நீங்கள் ஒப்புவித்தால் அங்கே மதிப்பெண் கிடைக்கும், இங்கே கிடைக்காது. ஆனால் அந்த நூலை இன்னொரு தரம் எடுத்து, பட்டியல்களை விட்டுவிட்டு, காவிரி அத்தியாயத்தை மட்டும் ஆற அமர வாசியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் யூன் மாதத்தில் பெரிய மழை இல்லை. அப்படியிருந்தும் அங்கே குறுவை என்ற குறுகிய கால நெல்லை நடுகிறார்கள். எப்படி? தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் கொட்டுகிற மழை காவிரியாக ஓடி வருகிறது. தமிழ்நாட்டுக்கு வருடத்து மழையில் கிட்டத்தட்டப் பாதி ஒக்டோபர் தொடங்கி டிசெம்பருக்குள் வடகிழக்கிலிருந்து வந்துவிடுகிறது, மற்ற மாதங்களில் டெல்டா அடுத்தவர் மலையில் பெய்யும் மழையை நம்பித்தான் இருக்கிறது. சோழர் ஏன் தஞ்சாவூரில் இருந்து அவ்வளவு பெரிய அரசைக் கட்ட முடிந்தது, இன்றைக்கும் கர்நாடகத்தோடு ஏன் காவிரி வழக்கு, இரண்டுக்கும் விடை அந்த ஒரு பந்தியில் கிடைக்கிறது. வரலாற்றுக்கு ஒரு கொப்பி, புவியியலுக்கு ஒரு கொப்பி என்று பிரித்து வைத்திருப்பீர்கள். அதை இன்றோடு விடுங்கள்.

சரி, அதே கண்ணால் உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். களுவாஞ்சிக்குடி எழுவான்கரை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. இதைவிட நல்ல புவியியல் பெயரை நான் எந்தப் பாடநூலிலும் பார்க்கவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கின மணல் நிலத்தில் ஊர்கள் நெருக்கமாக, அக்கரையில் வயல் வெளியும் குளங்களும். போடியார் என்ற பெரிய வயற்சொந்தக்காரர், வயல் வேலையையும் தண்ணீரையும் பார்க்கிற வட்டவிதானை, தாய்வழிக் குடி வழமை எல்லாம் இந்த நிலத்தில் இருந்து வந்தவைதானே. பெரும்போகம் ஏன் மாரியோடு வருகிறது, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஏன் குளத்துத் தண்ணீர் இல்லாமல் சிறுபோகம் செய்ய முடியாது என்பதை உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ பரீட்சைத் தாளைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு மாரிக்கும் ஒரே பேச்சு: வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டி விடுவதா, பொறுப்பதா? வாவி நிரம்பி வயலுக்குள் ஏறுகிறது, வெட்டுங்கள் என்று படுவான்கரை வயற்காரர் வருவார்கள். இப்போதே வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்று வாவியில் வலை வீசுகிறவர்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் உண்மைதான் சொல்வார்கள், தாழ்ந்த இடத்தில் வீடு இருக்கிற சனம் அதற்கு நடுவில் தண்ணீருக்குள் நிற்கும். நீரியல், காலநிலை, 1978 நவம்பர் 23 சூறாவளியின் நினைவு, யாருக்கு எந்த நிலம் எப்படி வந்தது என்ற பழைய கதை எல்லாம் அந்த மேசைக்கு ஒரே நேரத்தில் வரும். நீங்கள் எழுதுகிற பரீட்சை அந்த மேசையில் இருந்து முடிவெடுக்கத்தானே ஆள் தேடுகிறது? அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆண்டுகளும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்குப் பக்கத்திலும் ஓர் இடமும் ஒரு காரணமும் எழுதுங்கள். ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். ஏன் இங்கே? மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது, கண்டிக்குக் கடல் வாசல் கிழக்கில்தான். அது விளங்கினால் போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற புளியந்தீவில் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்ததும் தானாகவே ஞாபகத்தில் நிற்கும். 1833 கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம், நாடு ஐந்து மாகாணமானது, அதில் கிழக்கு ஒன்று. 1963இல் சிவில் சேவையை ஒழித்து நிர்வாக சேவை வந்தது, நீங்கள் சேரப் போகிற சேவையின் பிறந்த ஆண்டையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா.

தமிழ்நாட்டுப் படிப்பு நேரடியாகக் கை கொடுக்கிற இடங்களும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜராஜன் படை இலங்கைக்கு வந்து பொலன்னறுவையில் நிலைத்ததும், 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றியதும் உங்கள் சோழ வரிசையின் மறுபக்கம். 1956ஐ எடுங்கள்: அங்கே மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அதே ஆண்டில் இங்கே சிங்களம் மட்டும் சட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். விபுலாநந்த அடிகளும் அப்படித்தான், 1892இல் காரைதீவில் பிறந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவர் பிறந்தபோது காரைதீவு மட்டக்களப்பு, இப்போது அம்பாறை. ஏன் என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம், வர்த்தமானி அறிவித்தலில் பாடத்திட்டம் இருக்கும், அதை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பழைய வினாத்தாள்களைச் சேருங்கள். வேலைக்குப் போகுமுன் தினமும் பத்து நிமிடம் புத்தகம் பார்க்காமல் இலங்கைப் படம் வரைந்து ஆறுகளையும் 25 மாவட்டங்களையும் குறியுங்கள். இந்த ஞாயிறு நேரம் கிடைத்தால் பாலமீன்மடுப் பக்கம் போய் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், கொப்பியும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.