புரத ஜெல்லுக்கு எந்த ஸ்டெயின்? கேள்வி பதில்

கேள்வி: புரதத்துக்கு நிறமேற்றும் நீலச் சாயமான கூமாசியில் ஆர்-250, ஜி-250 இரண்டில் எதை வாங்கலாம் மேடம்? இப்போதுதான் எஸ்டிஎஸ்-பேஜ் (ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) பழகுகிறேன்.

பதில்: லேனுக்கு (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் தடத்துக்கு) ஒரு மைக்ரோகிராம் புரதம் ஏற்றுவீர்கள் என்றால் ஆர்-250 போதும்; 50-100 நானோகிராமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் டீஸ்டெயின் செய்ய (மிகுதிச் சாயத்தைக் கழுவிப் போக்க) மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மெத்தனாலும் நிறைய செலவாகும். நான் ஜி-250தான் சொல்வேன். அம்மோனியம் சல்பேட், பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த கூழ்ம முறையில் சாயம் ஜெல்லுக்குள் அதிகம் புகாது, பின்னணி தெளிவாக இருக்கும், 10 நானோகிராம் அளவுக்கும் பேண்ட் (புரதம் சேர்ந்து நிற்கும் பட்டை) தெரியும். ஸ்டெயினில் போடும் முன் ஜெல்லைத் தண்ணீரில் நன்றாக அலசி, அதில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைப் போக்கிவிடுங்கள்.

கேள்வி: சில்வர் ஸ்டெயின் ஒரு நானோகிராமையே காட்டுமாமே. எப்போதும் அதையே போட்டால் என்ன?

பதில்: காட்டும். ஆனால் ஸ்டெயின் செய்த பிறகு அந்த ஜெல்லை என்ன செய்யப்போகிறீர்கள்? அதை முடிவு செய்யாமல் ஸ்டெயினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேண்டை வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு (அது எந்தப் புரதம் என்று கண்டறியும் சோதனைக்கு) அனுப்பப் போகிறீர்கள் என்றால், பழைய சில்வர் முறைகளில் உள்ள குளுட்டரால்டிஹைடு உங்களைக் கவிழ்த்துவிடும். அது புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிணைத்துவிடுவதால், புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்சைமால் அங்கே வெட்ட முடியாது, சோதனைக்கு வேண்டிய பெப்டைடுத் துண்டுகளும் சரியாகக் கிடைக்காது. குளுட்டரால்டிஹைடு இல்லாத முறை 1996-லேயே வந்துவிட்டது, அதைப் பின்பற்றுங்கள். பேண்டின் அடர்த்தியை வைத்து அளவு சொல்லவும் சில்வரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு புரதமும் வெவ்வேறு அளவில் கறுக்கும். அடர்த்தி அளவோடு சீராகக் கூடும் எல்லையும் மிகக் குறுகியது.

கேள்வி: எந்த லேனிலும் 60 கிலோடால்டன் பக்கம் மங்கலாகப் பேண்ட் வருகிறது, காலி லேனில்கூட!

பதில்: பெரும்பாலும் தோலிலிருந்து வரும் கெரட்டின். கையுறை போடுங்கள், சாம்பிள் பஃபரைப் புதிதாகத் தயாரியுங்கள்.

கேள்வி: அளவு சொல்ல சில்வரை நம்ப முடியாது என்றால், அளவை ஒப்பிட எது நல்லது?

பதில்: சைப்ரோ ரூபி என்ற ஒளிரும் சாயம். 1-2 நானோகிராம் போதும், ஆயிரம் மடங்கு வித்தியாசம் வரை நேர்விகிதத்தில் ஒளிரும். விலை அதிகம், யூவி அல்லது நீல ஒளி இமேஜரும் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் தட்டுதான் சரி.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதத்தை ஜெல்லிலிருந்து மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் முறைக்கு) முன் ஜெல்லைப் பார்த்துக்கொள்ளலாமா, அக்கா?

பதில்: கூமாசி வேண்டாம், அது புரதத்தை ஜெல்லிலேயே நிலைப்படுத்திவிடும். ஜிங்க்-இமிடசோல் போடுங்கள். பின்னணி வெள்ளையாகும், புரதம் உள்ள இடம் மட்டும் தெளிவாக நிற்கும். கால் மணி நேரம் போதும். பிறகு உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கொண்டு ஜிங்கை எடுத்துவிட்டு மெம்பிரேனுக்கு டிரான்ஸ்ஃபர் செய்யலாம். டிரான்ஸ்ஃபர் சரியாக நடந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால், மெம்பிரேனில் பான்சோ எஸ் என்ற சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.