ஆன்டிவைரஸ் இருந்தால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் டோரண்ட் வழியாகப் படங்களையும் மென்பொருள்களையும் இறக்குகிறான். கடைக் கணக்கும் வங்கி வேலையும் அதே கணினியில்தான். "ஆன்டிவைரஸ் இருக்கிறது, பயப்படாதீங்கப்பா" என்கிறான். நம்பலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருளை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்தானா? அவற்றோடு வரும் குறிப்பில் பெரும்பாலும் முதல் வரியே அதுதான். திருடன் சொல்லி நாயைக் கட்டிப்போடுவது போன்ற வேலை.

பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கிய பிட்டோரண்ட் (சுருக்கமாக டோரண்ட்) முறையில், முகம் தெரியாத பலருடைய கணினிகளிலிருந்து கோப்பு துண்டு துண்டாக வந்து சேரும். வந்த துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எவரும் இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பார்க்கலாம். திருட்டுப் படமென்றால் பார்த்தவர் மட்டுமல்ல, விநியோகித்தவரும் நீங்கள்தான்; இணைய இணைப்பு உங்கள் பெயரில் அல்லவா இருக்கிறது!

"ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்படுகிறதே" என்று மகன் வாதாடலாம். உண்மைதான். ஆனால் முதலில் பகிர்ந்தவர் வைத்த கோப்பு சிதையாமல் வந்ததா என்பதுதான் அந்தச் சோதனை. அவர் விஷம் கலந்திருந்தால் அதுவும் சொட்டுக் குறையாமல் வந்து சேரும். விண்டோஸ் வேறு, கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடுகிறது. 'எம்பி4' (வீடியோ) என்று முடிவதாகத் தெரியும் படத்தின் வால் உண்மையில் 'இஎக்ஸ்இ' (திறந்ததும் ஓடும் நிரல்) ஆக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதிக்குப் போய் அந்த வாலைக் காட்டச் செய்யுங்கள். இன்றே செய்யலாம், செலவில்லை.

டோரண்ட் என்றாலே தீமை என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களை அவற்றின் தளங்களே டோரண்டாகவும் தருகின்றன. இருந்தாலும் 2016 மார்ச்சில் 'டிரான்ஸ்மிஷன்' என்ற டோரண்ட் செயலியின் மேக் பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலிருந்தே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரோடு ஒரு நாளுக்கும் மேலாக இறங்கியது. நல்ல கடையிலும் ஒரு நாள் கெட்ட சரக்கு வரும்.

எனவே கடைக் கணக்கை வேறு கணினிக்கு மாற்றுங்கள். பழைய கணினி போதும். வங்கிக் கடவுச்சொல்லை உங்கள் கைபேசியிலிருந்து மாற்றுங்கள். சந்தேகத்துக்குரிய கணினியில் உட்கார்ந்து மாற்றிப் பயனில்லை. கணக்கின் நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.